திறந்தும் திறவாத கதவு

1901இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குள்ளேயே ஆறு மாணவர்களோடு தொடங்கியது ஜோலியட் ஜூனியர் கல்லூரி. அந்நாட்டின் சமுதாயக் கல்லூரி வரலாற்றை அங்கிருந்துதான் எழுதுகிறார்கள். பள்ளிக் கண்காணிப்பாளர் ஸ்டான்லி பிரவுன், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்ற இரு ஆண்களே அதன் நாயகர்கள். முதல் இரண்டு ஆண்டுப் படிப்பை வெளியே அனுப்பிவிட்டால் பல்கலைக்கழகம் உயர் ஆய்வில் கவனம் செலுத்தலாம் என்ற ஹார்ப்பரின் கணக்கு இந்தப் புகழுரைகளில் மறைந்துபோகிறது.

இக்கல்லூரிகள் மாணவர்களின் பெரிய கனவை மெல்ல ஆறவைத்து, சிறிய இலக்குக்குப் பழக்குகின்றன என்று 1960இல் எழுதினார் சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க். கூர்மையான பார்வைதான். ஆனால் பாலினம் அவருடைய கேள்வியாக இருக்கவில்லை. பெண்ணின் கனவை ஆறவைக்கும் வேலையை, அவள் கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே வீடு தொடங்கிவிடுகிறது.

இன்று அங்கே படிப்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். மணமாகிப் படிப்பை விட்டவளை வயது பார்க்காமல் சேர்த்துக்கொண்டவையும் இக்கல்லூரிகளே. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத தாய்க்கு மாலை வகுப்பால் என்ன பயன்? எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது மட்டும் வளர்ச்சியாகாது. வளாகத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கிறதா, எத்தனை பெண்கள் நான்காண்டுப் பட்டம்வரை போனார்கள் என்றும் கேட்போம்.