நீர்த்த கரைசலில் விளையும் குழாய்

ஜப்பானின் எரிமலைச் சாம்பல் மண்ணில் யோஷினாகாவும் அயோமினேயும் 1962-இல் அடையாளம் கண்ட கனிமம் இமோகோலைட். அலுமினியமும் சிலிக்கானும் ஆக்சிஜனோடும் ஹைட்ரஜனோடும் கூடி, சுமார் 2 நானோமீட்டர் தடிமனில் குழாயாகத் திரண்ட பொருள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஃபார்மர் குழுவினர் 1977-இல் இதை ஆய்வகத்திலேயே உருவாக்கிக் காட்டினார்கள். இன்றைய செய்முறைகள் பெரும்பாலும் அதன் வழித்தோன்றல்களே.

மிக நீர்த்த அலுமினிய உப்புக் கரைசலில் சிலிக்கான் சேர்மத்தைக் கலந்து, காரத்தைத் துளித்துளியாக விடுகிறார்கள். அவசரப்பட்டு ஊற்றினால் அலுமினியம் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். பிறகு லேசாக அமிலமாக்கி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே சில நாட்கள் வைக்கிறார்கள்.

சூடேற்றும் முன்பே நாட்டு ஓடு போல வளைந்த நுண்துண்டுகள் கரைசலில் உருவாகிவிடுகின்றன. அலுமினியத் தகட்டின் ஒரு முகத்தில் சிலிக்கேட் வந்து அமர்கிறது; சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு குட்டையானது என்பதால் அந்த முகத்தை உள்நோக்கி இழுக்கிறது. குழாயின் விட்டத்தை நிர்ணயிப்பது இந்த இழுவைதான். இம்முறையின் பெரும்பலமும் இதுவே: அச்சு எதுவும் இல்லாமலே ஏறக்குறைய ஒரே விட்டத்தில் குழாய்கள் கிடைக்கின்றன. கார்பன் நானோகுழாய்த் தயாரிப்பில் விட்டத்தைக் கட்டுப்படுத்தப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆனால் நீளம் அப்படிக் கட்டுப்படுவதில்லை. ஒரே குடுவையில் குட்டையும் நெட்டையும் கலந்தே வளர்கின்றன.

அதைவிடப் பெரிய குறை விளைச்சல். லிட்டருக்கு 2 மில்லிமோல் அலுமினியம் என்றால், அத்தனையும் குழாயாக மாறினாலும் சுமார் 0.2 கிராம்தான் தேறும். அதற்கும் உப்பை நீக்க டையாலிசிஸ், அதற்கு ஏராளமான தூயநீர். சரி, கரைசலின் செறிவைக் கூட்டலாமே என்றால், அலோஃபேன், போமைட் போன்ற வேண்டாத பொருள்கள் குழாய்களோடு போட்டியிடுகின்றன.

சிலிக்கானுக்குப் பதில் ஜெர்மானியத்தைச் சேர்த்தால் பல மடங்கு செறிவிலும் குழாய்கள் விளைகின்றன. குறுங்குழாய்கள் முனையோடு முனை ஒட்டி நீள்வதையும் அவற்றில் கண்டிருக்கிறார்கள். ஆயினும் இதை முழுத் தீர்வாக ஏற்க முடியாது. ஜெர்மானியப் பிணைப்பு நீளமானது. ஆகவே குழாய் தடிக்கிறது, சில நிலைமைகளில் இரட்டைச் சுவரும் எடுக்கிறது. பெரும்பாலும் குட்டையாகவே நின்றுவிடுகிறது. ஜெர்மானியமோ விலை உயர்ந்த தனிமம். கிடைப்பது இமோகோலைட்டின் உறவுப்பொருளே தவிர, இமோகோலைட் அல்ல.

நுட்பத்தில் இம்முறைக்கு முழு மதிப்பெண் தரலாம். உற்பத்தி முறையாக இன்னும் தேறவில்லை. புதிய செய்முறையை வெளியிடுவோர் அழகான எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தோடு நின்றுவிடாமல், லிட்டருக்கு எத்தனை கிராம், நீளங்களின் பரவல் என்ன, வேண்டாத பொருள் எவ்வளவு என்பதையும் கட்டாயம் தர வேண்டும்.