முகவரி மாறுமுன் ஒரு பதில்

யூஎஸ்பி கருவி ஒன்றின் ஃபர்ம்வேரை எழுதியவர் கைதேர்ந்தவரா என்று பார்க்க, கணினியின் ஆரம்பக் கேள்விகளை அவர் கையாண்ட நிரல்பகுதியைப் படித்தாலே போதும். கேள்வி ஒவ்வொன்றும் எட்டே பைட். அதைப் பிரித்து ஒரு ஸ்விட்ச் கேஸில் போட யாராலும் முடியும். கேட்டதை எந்தக் கணத்தில் நிறைவேற்றுவது என்பதில்தான் கைத்திறன் தெரியும். செட் அட்ரஸ் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். புதிதாகச் சொருகிய கருவியின் முகவரி பூஜ்யம். இனி உன் முகவரி 5 என்கிறது கணினி. அந்த நொடியே மாறிக்கொண்டால் காரியம் கெட்டது. சம்மதத்துக்கு அடையாளமான வெற்றுப் பாக்கெட்டைக் கணினி பழைய பூஜ்யத்தில்தான் வந்து கேட்கும். வீடு மாறுகிறவர் கடைசித் தபாலைப் பழைய வாசலில் வாங்கிவிட்டுக் கிளம்புவது போல, பதில் போய்ச் சேர்ந்த பிறகே முகவரி மாற வேண்டும். ராஸ்பெரி பை பிக்கோவின் அடிமட்ட உதாரண நிரலில் இதற்கென்றே ஒரு ஃபிளாக் வைத்திருக்கிறார்கள். ஏடிமெகா 32யூ4 சில்லிலோ எண்ணை முன்பே எழுதிவிடலாம், அதை அமலாக்கும் பிட்டை மட்டும் பிறகு ஏற்ற வேண்டும். எஸ்டிஎம்32 குடும்பத்தின் ஓடிஜி வகைச் சில்லுகளில் உடனே எழுதிவிட வேண்டும். காத்திருக்கும் வேலையை ஹார்டுவேர் பார்த்துக்கொள்ளும். விதி ஒன்றுதான், சில்லுக்குச் சில்லு அதைக் காப்பாற்றும் இடம் வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நிரலை அப்படியே நகலெடுப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

கருவி அறிவித்த அமைப்புகளில் ஒன்றை எண் சொல்லித் தேர்ந்தெடுக்கும் செட் கான்ஃபிகரேஷன் கேள்வி இன்னும் நுட்பமானது. அது வரும்வரை யூஎஸ்பி 2.0 கருவி 100 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. வந்தபின், தான் முன்பே அறிவித்த அளவுவரை, அதிகபட்சம் 500 வரை, இழுக்கலாம். எண் 0 வந்தால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தன்னிடம் இல்லாத எண் வந்தால் ஸ்டால் சொல்லி மறுக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் எண்ணே மறுபடி வந்தால்? ‘மாற்றமில்லை, திரும்பிவிடு’ என்று ஒரு வரி எழுதத் தோன்றும். பார்க்கச் சிக்கனமான வரி, ஆனால் தவறு. அதே எண்ணானாலும், தரவு போய்வரும் வாசல்களான எண்ட்பாயிண்ட்களில் பாக்கெட்டுகளை 0, 1 என்று மாறி மாறி அடையாளமிடும் டேட்டா டாகிள் பூஜ்யத்துக்குத் திரும்பியாக வேண்டும். கணினி தன் பக்கம் திருப்பிக்கொண்டு கருவி திருப்பாமல் இருந்தால், அடுத்து வரும் பாக்கெட்டைக் கருவி முன்பே வந்ததன் மறுபிரதி என்று எண்ணி, பெற்றதாகத் தலையாட்டிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடும். எந்தப் பக்கமும் பிழை என்று சொல்லாது. ஒரு பாக்கெட் காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

டைனியூஎஸ்பி, லூஃபா போன்ற நூலகங்கள் இருக்கும்போது இதில் ரசிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முகவரியை அவை பார்த்துக்கொள்ளும், உண்மை. ஆனால் கருவியோடு சேர்த்த விளக்குச்சரம் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கும், அதை எப்போது ஏற்றுவது என்பது நூலகத்துக்குத் தெரியாது. செட் கான்ஃபிகரேஷன் போன்ற, தரவுக் கட்டம் இல்லாத கேள்வியை 50 மில்லி செகண்டுக்குள் முடிக்கவும் வேண்டும். நூலகம் அழைக்கும் உங்கள் ஃபங்ஷனுக்குள் சென்சார் சூடேறக் காத்திருந்தால் அந்தக் கெடு உங்களால்தான் தவறும்.

என் கணினியில் ஓடுகிறதே, போதாதா என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். போதாது. அது நிரூபிப்பது அந்தக் கணினி கேட்கும் வரிசையை மட்டும். கான்ஃபிகரேஷன் விவரம் சரியாக 64 பைட், பாக்கெட்டின் உச்ச அளவும் 64 என்று வைத்துக்கொள்வோம். முதலில் 9 பைட் கேட்டு, மொத்த நீளத்தை அறிந்து, அதே நீளத்தை மறுபடி கேட்கும் கணினியில் எல்லாம் சுகம். எடுத்த எடுப்பில் 255 கேட்கும் கணினிக்கோ, 64 கொடுத்தபின் ‘இவ்வளவுதான்’ என்று ஒரு வெற்றுப் பாக்கெட் தேவை. அது வராவிட்டால் கணினி மீதிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

நல்ல நிரலில் எனக்கு மிகவும் பிடித்தது அது மறுக்கும் விதம். ஃபுல் ஸ்பீடு மட்டுமே தெரிந்த கருவியிடம், மற்ற வேகத்தில் எப்படி இயங்குவாய் என்று விசாரிக்கும் டிவைஸ் குவாலிஃபையர் விவரத்தைக் கேட்டால் ஸ்டால் சொல்வதே முறையான பதில். ஏதாவது கொடுத்துவைப்போமே என்று பத்து பைட்டை இட்டுக்கட்டி அனுப்பினால், தன்னிடம் இல்லாத ஹை ஸ்பீடைக் கருவி இருப்பதாகச் சொன்னதாகிவிடும். இந்தக் கேள்விகள் வரும் எண்ட்பாயிண்ட் பூஜ்யத்தில் சொன்ன மறுப்பை அடுத்த எட்டு பைட் வந்ததுமே விலக்கிக்கொள்ள வேண்டும். உரையாடல் தடைப்படாமல் தொடரும்.