கப்பலிலிருந்து பார்த்த கடாரம்

எங்கள் வீட்டுக் 'கடல் புறா'வின் முதல் பாகத்துக்கு அட்டை கிடையாது. சுங்கைப்பட்டாணியில் தாத்தாவைப் பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அதை இரவல் வாங்கிப் போயிருக்கிறார்கள். படிவம் மூன்று தேர்வு முடிந்த விடுமுறையில் மூன்று பாகத்தையும் பத்தே நாளில் முடித்தேன். குமுதத்தில் சாண்டில்யன் தொடராக எழுதிய அந்த நாவலில் என் மாநிலம் வருகிறது. கடாரம்தான் கெடா என்று தாத்தா சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. பள்ளிப் பேருந்தில் போகும்போது தெரியும் ஜெராய் மலையைப் பார்த்துத்தான் சோழக் கப்பல்கள் கரை சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியவர். பால்மரம் சீவியவர். "நம்மள கூலின்னுதான் எழுதி வச்சிருக்கான். அதுக்கு ஆயிரம் வருசம் முன்னாடியே கப்பல் படையோட வந்தவன்டா நாம" என்பார். நாவலின் குறைகளைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து லயத்தில் வாழ்ந்த ஒருவருக்கு நிமிர்ந்து நிற்க அது ஒரு காரணம் கொடுத்தது. இலக்கியம் செய்கிற வேலைகளில் அதுவும் ஒன்று. சின்ன வேலை இல்லை.

நான் அந்தப் பெருமையைக் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டேன். இடைநிலைப்பள்ளியில் ஒருவன் என்னை வந்தேறி என்றபோது, "ஒங்க ஊரையே புடிச்சவங்க நாங்க" என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் பதினோராம் எண் சண்டி, வீடமைப்புத் திட்டத்துக்காக இடிக்கப்பட்டபோது, "நம்ம கோயிலை இடிச்சிட்டாங்க" என்று கொதித்தவர்களில் நானும் ஒருவன். அதைக் கட்டியவர்கள் யார், என்ன மொழி பேசினார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகு முதுகலை படிக்க நெதர்லாந்தின் லைடனுக்குப் போனேன். தென்கிழக்காசியாவைப் படிக்க ஐரோப்பாவுக்குப் போவது விசித்திரம்தான். ஆனால் டச்சுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனதெல்லாம் அங்கேதானே இருந்தது! ஒருநாள் ஆசிரியர் எங்கள் வகுப்பைப் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பு அறைக்கு அழைத்துப் போனார். மேசை மேல் ஆனைமங்கலம் செப்பேடுகள் இருந்தன. உலகம் அவற்றை லைடன் செப்பேடுகள் என்கிறது. மொத்தம் 21 ஏடுகள். ஐந்து சமஸ்கிருதம், 16 தமிழ். எல்லாவற்றையும் கோத்த பெரிய வளையத்தில் சோழர் முத்திரை. எடை ஏறக்குறைய 30 கிலோ. ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து தமிழ் எழுத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. உண்மையைச் சொன்னால், ஒரு வரிகூட என்னால் சரளமாகப் படிக்க முடியவில்லை.

வகுப்பில் பலெம்பாங்கிலிருந்து வந்த தோழி ஒருத்தி இருந்தாள். அவள் இந்தோனேசியத்திலும் நான் மலாயிலும் பேசினால் போதும், புரிந்துவிடும். ஸ்ரீவிஜயத்தின் தலைநகராகக் கருதப்படும் ஊர் அவளுடையது. அவர்களின் பல்கலைக்கழகத்துக்கும் விளையாட்டரங்கத்துக்கும்கூட ஸ்ரீவிஜயம் என்றுதான் பெயர். அன்று ரப்பன்பர்க் கால்வாய் ஓரமாக நடந்து வரும்போது நான் ஆரம்பித்தேன். 1025-இல் ராஜேந்திரன் கடல் தாண்டி வந்தது, ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் வென்றது, மன்னனைச் சிறைபிடித்தது. தாத்தாவின் குரல் எனக்குள் ஏறிவிட்டது.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பள்ளியில நாங்களும் படிச்சிருக்கோம். ஸ்ரீவிஜயம் சரிஞ்சதுக்கு அதுவும் ஒரு காரணம்னு" என்றாள். பிறகு ரொம்ப சாதாரணமாகக் கேட்டாள்: "நீ கெடாக்காரன்தானே? அப்போ அடிவாங்கினது உன் ஊரும்தானே?"

என்னிடம் பதில் இல்லை. என் அப்பா பிறந்ததும் நான் பிறந்ததும் கெடாவில். தாத்தாவை எரித்ததும் அங்கேதான். ஆனால் கதை சொல்லும்போது மட்டும் நான் கரையில் நிற்பதில்லை. கப்பலில் ஏறி நின்றுகொண்டு என் ஊரையே எதிரி நாடாகப் பார்க்கிறேன்.

அந்தக் கேள்வியோடு, குளிர்கால விடுமுறையில் 'கடல் புறா'வை மறுபடியும் படித்தேன். சாண்டில்யனின் கைவண்ணத்தில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. பாலூர்ப் பெருந்துறையில் தொடங்கும் கதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. ஆனால் இந்தமுறை கடாரத்துக்காரனாகத் தேடினேன். கடாரம் இந்த நாவலில் யாருக்காக இருக்கிறது? உதவி கேட்டுச் சோழநாட்டுக்கு வரும் குணவர்மன் இருக்கிறார். அவர் மகள் காஞ்சனாதேவி இருக்கிறாள். அவள் அழகைச் சொல்லப் பக்கங்கள் போதவில்லை. இளைய பல்லவனும் அவளும் பேசிக்கொள்வதில் மொழி ஒரு தடையாகவே இருப்பதில்லை. அந்த நாட்டுக்கு என்ன நேர வேண்டும் என்ற பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியிலிருந்து வந்த வீரனின் தோளுக்கு மாறிவிடுகிறது. படித்து முடித்தபோது, சாதாரணக் கடாரத்து மனிதர் ஒருவர்கூட என் நினைவில் இல்லை. ஜெராய் அடிவாரத்தில் இரும்பு உருக்கியவன் இல்லை. மெர்போக் ஆற்றில் வலை வீசியவள் இல்லை. பாய்மரங்கள் தெரிந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர்கள் இல்லை.

தமிழ்நாட்டில் உட்கார்ந்து எழுதிய சாண்டில்யனிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவருக்குக் கடாரம் ஒரு கடற்கரைக் கனவு. என் கேள்வி நம்மைப் பற்றியது. இங்கேயே பிறந்து வளர்ந்த நாம் ஏன் நம் மண்ணை அவர் கண்ணால் பார்க்கிறோம்?

நமக்குக் கரையிலிருந்து எழுதத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் சயாம் தண்டவாளத்தில் செத்தவர்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட நாவல்கள். அங்கே படையெடுத்து வந்தவன் ஜப்பான்காரன். அவன் கப்பலிலிருந்து கதை சொல்ல நமக்குத் தோன்றவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதையில் அடிவாங்கியவனோடு நிற்கும் நாம், ஆயிரம் ஆண்டு பின்னால் போனதும் அடித்தவனோடு சேர்ந்துகொள்கிறோம். இது எனக்கு இப்போது உறுத்துகிறது.

அந்தச் செப்பேடுகளில் இருப்பது போர்க் கதையும் இல்லை. கடார மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எழுப்புகிறான். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை முதலாம் ராஜராஜன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் கொடுக்கிறான். தமிழ்ப் பகுதி அவனைக் கிடாரத்தரையன் என்கிறது. வாய்க்கால், வயல், எல்லை, கையெழுத்திட்ட அதிகாரிகள் என்று பொறுமையாக எழுதிக்கொண்டே போகிறது. தந்தை கொடுத்த கொடையைச் செம்பில் நிலைக்கச் செய்தவன் ராஜேந்திரன். அதே ராஜேந்திரன்தான் பிறகு கடாரத்தின் மேல் படை அனுப்பினான். அதோடும் முடியவில்லை. மூன்று ஏடுகள் கொண்ட சிறிய செப்பேடு இன்னொன்றும் உண்டு. முதலாம் குலோத்துங்கன் காலம், 1090. கடார மன்னனின் தூதர்கள் கேட்டுக்கொண்டதால் நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்கு வரிவிலக்கு கொடுக்கப்படுகிறது. அந்தப் பள்ளிகளில் ஒன்றின் பெயர் ராஜேந்திர சோழப் பெரும்பள்ளி. கடாரத்தை அடித்தவனின் பெயர் தாங்கிய பள்ளிக்காகக் கடாரத்துத் தூதன் வந்து பேசுகிறான். அவன் மனதில் என்ன ஓடியிருக்கும்? 'கடல் புறா'வின் நாயகன் கருணாகரத் தொண்டைமான் இதே குலோத்துங்கனின் படைத்தலைவன். ஒரே காலம்தான். நாவல் ஒரு கப்பலைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தூதனை எடுத்துக்கொண்டு எழுதியிருக்கலாம். இன்னும் யாரும் எழுதலாம்.

தாத்தா கப்பல் ஏறியதும் அதே நாகப்பட்டினம்தான். விகாரத்தில் கடைசியாக எஞ்சியிருந்த கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டுவிட்டது. கடாரத்தான் கட்டிய ஒன்று நின்றிருந்த ஊரிலிருந்துதான் கடாரத்துக்கு வந்தோம் என்று தெரிந்திருந்தால், தாத்தா வேறு மாதிரி பெருமைப்பட்டிருப்பாரோ என்னவோ. "நாம புடிச்ச ஊருடா" என்பதற்குப் பதிலாக, "அவங்களும் நம்ம ஊருக்கு வந்திருக்காங்கடா" என்று சொல்லியிருக்கலாம். வந்தேறி என்ற சொல்லுக்கு அது இன்னும் நல்ல பதில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் பள்ளியில் சொன்ன பதில் அந்தப் பையனை என் எதிரியாக்கியது. அவன் சொன்னதைத்தான் திருப்பி அவனிடம் சொன்னேன், குரல் மட்டும் பெரிசு.

படிப்பு முடிந்து கிளம்புவதற்கு முந்தின வாரம், அந்த நாவலின் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள் தோழி. சொன்னேன். பாதியில் நிறுத்தி, "இந்த இளவரசி ஊர்ல இருக்கிறவங்க என்ன ஆனாங்க?" என்றாள்.

"அது கதையில இல்ல" என்றேன்.

ஊருக்குத் திரும்பியதும் அட்டையில்லாத அந்த முதல் பாகத்துக்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டு வைத்தேன். என் தங்கை மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இன்னும் இரண்டு வருடத்தில் அதை எடுப்பாள். எடுக்கட்டும், தடுக்கப் போவதில்லை. ஆனால் அதன் பக்கத்தில் வைக்க இன்னொரு நாவல் வேண்டும். அது மெர்போக் முகத்துவாரத்தில் தொடங்க வேண்டும்.