கூட வந்தவரின் கையெழுத்து

பாப்பிரெட்டிப்பட்டியில் பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வழி பல கிளைகளாகப் பிரியும். உள்ளூர் அரசு மருத்துவமனையில் முடியாது என்றால் அரூர். அங்கும் முடியாவிட்டால் தருமபுரி. சிக்கல் பெரிது என்றால் மஞ்சவாடி கணவாயைத் தாண்டிச் சேலம். எந்த வாசலில் 108 வண்டி போய் நின்றாலும், ஸ்ட்ரெச்சரை இறக்கி முடிப்பதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: “கூட யாரும்மா வந்திருக்கீங்க?”

கேட்பவர் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசி ஆண்டில் வார்டு வார்டாகச் சுழலும் பயிற்சி மருத்துவர். அவர் கையில் கேஸ் ஷீட் இருக்கும். அதை நீட்டி, ஒரு வாக்கியத்தை அவர் சொல்லச் சொல்ல, கூட வந்தவர் தன் கையாலேயே எழுத வேண்டும். நோயாளியின் நிலைமை எங்களுக்குப் புரியும்படி விளக்கப்பட்டது, ஆபத்து இருப்பது தெரிந்தே சம்மதிக்கிறோம், எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல என்ற பொருளில் நாலைந்து வரி. கீழே பெயர், உறவுமுறை, தேதி, நேரம். எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு. சாட்சிக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் சொந்தக்காரர். யூனிட்டின் தலைமை மருத்துவரான யூனிட் சீஃப் போனில் கேட்பதும் அதைத்தான்: “கையெழுத்து வாங்கியாச்சா?”

கட்டிலில் கிடப்பவரின் கையெழுத்து இதில் எங்கே வருகிறது? சில இடங்களில் வரும். பல இடங்களில் கடைசியாக வரும், அல்லது உறவினர் எழுதியதற்குக் கீழே ஒரு கீறலாக வரும்.

இந்த வழக்கத்தைக் கேலி செய்வது எளிது. மேல்நாட்டு மருத்துவ அறநூலைப் படித்துவிட்டு வார்டுக்குள் நுழையும் எவருக்கும் முதலில் கண்ணில் படுகிற குறை இதுதான். ஆனால் இதற்குள் இருக்கும் நியாயத்தைப் பார்க்காமல் குறையை மட்டும் எண்ணுவது சரியான மதிப்பீடாகாது. ரத்தம் வேண்டும் என்றால் ஆள் தேடி ஓடுவது குடும்பம். தையல் பிரித்த பிறகு புண்ணைப் பார்த்துக்கொள்வதும், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும் குடும்பம். சித்தேரி மலைக் கிராமங்களிலிருந்து, சாலை இல்லாத காலத்தில், நோயாளியைத் தூளியில் கட்டித் தோள் மாற்றித் தூக்கி வந்தவர்களும் அவர்கள்தாம். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு நோயாளியிடம் மட்டும் பேசுவது இந்த மண்ணில் மரியாதையும் ஆகாது, மருத்துவமும் ஆகாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழகத்தின் தாய் நலப் பணி, கர்ப்பிணியின் விருப்பத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்ததல்ல. கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வந்து கணக்கெடுத்து, ‘ஹை ரிஸ்க்’ என்று குறித்து, தேதி நெருங்கும்போது விரட்டிக் கொண்டுவந்து சேர்த்து வளர்ந்தது. பலன் கண்கூடு. 2018–20 மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழகத்தில் இறந்தவர்கள் 54 பேர். உரிமை பேசாத ஓர் அதிகாரம் இத்தனை உயிரைக் காத்திருக்கிறது என்ற உண்மையை விழுங்காமல் இந்த விவாதத்துக்குள் போக முடியாது.

கையால் எழுத வைப்பதிலும் ஒரு நன்மை இருக்கிறது. நாலு பக்க ஆங்கிலப் படிவத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு “இங்க இங்க கையெழுத்து போடுங்க” என்று வாங்கும் தனியார் ஏற்பாட்டை விட, தமிழில் தன் கையால் எழுதும் நாலு வரி மேல். எழுதும்போதாவது ‘ஆபத்து’ என்ற சொல் மூளையில் ஏறும். எழுதிக்கொண்டிருப்பவர் பாதியில் நிறுத்தி, “சார், அப்படின்னா பொழைக்க மாட்டாங்களா?” என்று கேட்டால் அங்கே ஓர் உரையாடல் தொடங்குகிறது. அந்தக் கேள்விக்கு ஹவுஸ் சர்ஜன் என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரும்பாலும் அவரால் பதில் சொல்ல முடியாது. காரணம் அவருடைய மனம் அல்ல. அறுவை சிகிச்சையைச் செய்யப்போவது அவர் அல்ல. அதற்கு மாற்று வழி உண்டா, அதன் சிக்கல்கள் என்ன என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒப்புதல் வாங்கும் வேலை மட்டும் வரிசையில் கடைசி ஆளுக்கு வந்து சேர்கிறது, ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோகும் வேலையைப் போல. ஒப்புதல் என்பது ஒரு காகிதம், அதை வாங்கிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்ற பாடத்தை இருபத்துமூன்று வயதில் அவர் இப்படித்தான் கற்கிறார். இவ்வளவு ஆழமாகப் பதியும் பாடம் வகுப்பறையில் கிடைக்காது.

வகுப்பறையிலும் பாடம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2019-இல் சேர்ந்த மாணவர்கள் முதல், ‘ஏட்காம்’ எனப்படும் மனப்பான்மை, அறநெறி, உரையாடல் பாடத்திட்டம் நாடு முழுக்க எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டாயம். 2008-இல் தொடங்கிய தருமபுரிக் கல்லூரியும் அதற்குள்தான் வரும். நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்று முதலாண்டிலேயே விவாதிக்க வைக்கும் பகுதி அதில் உண்டு. நல்ல முயற்சி. ஆனால் பொது அறுவை சிகிச்சை வார்டில் நள்ளிரவு இரண்டு மணிக்கு அந்தப் பாடத்தை நினைவூட்ட யாரும் நிற்பதில்லை. சீனியர் செய்வதைப் பார்த்து ஜூனியர் செய்வார். மருத்துவக் கல்வியில் பாதிக்கு மேல் அப்படித்தான் கைமாறுகிறது, நல்லதும் கெட்டதும்.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கே சிக்கல் பெரிது. சட்டமே ஒரு குரலில் பேசவில்லை.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த சமீரா கோலி வழக்கைப் பயிற்சி மருத்துவர் ஒவ்வொருவரும் கதையாகவேனும் தெரிந்திருக்க வேண்டும். 1995-இல் டெல்லியில் 44 வயதுத் திருமணமாகாத பெண் ஒருவர், நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். உள்ளே பார்த்த மருத்துவர், கருப்பையை எடுப்பதே நல்லது என்று முடிவு செய்தார். உதவி மருத்துவர் வெளியே வந்து, காத்திருந்த தாயிடம் கையெழுத்து வாங்கினார். கருப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. நீதிமன்றம் சொன்னது தெளிவு: நோயாளி வயது வந்தவர், சுயநினைவு உள்ளவர், மயக்கம் தற்காலிகமானது, உடனே செய்யாவிட்டால் உயிர் போகும் நிலையும் இல்லை, எனவே தாயின் சம்மதம் சம்மதமே அல்ல. அதே தீர்ப்பு இன்னொரு பக்கமும் சாய்ந்தது. அமெரிக்க முறையில் எல்லா அபாயத்தையும் விவரிக்கும் கடமையை இந்திய மருத்துவர் தலையில் ஏற்ற முடியாது, ஏழை நோயாளிகளும் நெரிசலும் உள்ள நாடு இது என்று சொல்லி, போதுமான அளவு விளக்கினால் போதும் என்று நிறுத்திக்கொண்டது. போதுமான அளவு எது என்பதை மருத்துவ உலகின் வழக்கமே தீர்மானிக்கும். பிரிட்டனில் 2015-இல் மான்ட்கோமரி வழக்கு இந்த அளவுகோலை நோயாளியின் பக்கம் திருப்பிவிட்டது. அங்கே இன்று கேள்வி, இந்த நோயாளி எதைத் தெரிந்துகொள்ள விரும்புவார் என்பது.

இனி மருத்துவர்களுக்கான நடத்தை விதிகளைப் பாருங்கள். 2002-ஆம் ஆண்டு விதிகளின் 7.16 பிரிவு, அறுவை சிகிச்சைக்கு முன் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கச் சொல்கிறது. யாரிடம்? கணவன் அல்லது மனைவி, சிறுவராக இருந்தால் பெற்றோர் அல்லது காப்பாளர், அல்லது நோயாளி. நோயாளி பட்டியலின் கடைசியில் நிற்கிறார். குழந்தைப்பேறு இல்லாமல் போகக்கூடிய அறுவை சிகிச்சைக்குக் கணவன், மனைவி இருவர் சம்மதமும் தேவை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அரசின் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைக்கான வழிகாட்டு நெறிகள், துணைவரின் சம்மதம் தேவையில்லை என்கின்றன. 1971-ஆம் ஆண்டு கருக்கலைப்புச் சட்டமோ, வயது வந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும் என்கிறது; கணவன் அதில் எங்கும் வரவில்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய நடத்தை விதிகளைக் கொண்டுவந்து, மூன்றே வாரத்தில் நிறுத்தி வைத்தது. பழைய 2002 விதிகள் மறுபடி நடைமுறைக்கு வந்தன, 7.16 உட்பட. ஹவுஸ் சர்ஜன் “வீட்டுக்காரர் வரட்டும்மா” என்று சொல்லும்போது அவர் வெறும் வழக்கத்தை மட்டும் பின்பற்றவில்லை. விதியும் அவர் பின்னால் நிற்கிறது. வார்டை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராததற்கு இதுதான் காரணம்.

இந்தப் பகுதியில் “வீட்டுக்காரர் வரட்டும்” என்பதன் விலை அதிகம். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கத்து ஆண்கள் பலருக்குப் பிழைப்பு திருப்பூரிலோ பெங்களூரிலோ கேரளத்திலோ. பனியன் கம்பெனியில் ஷிப்டில் இருப்பவர் போன் எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். வந்து சேரப் பல மணி நேரம். மாமியாரோ, “அவன் வராம நான் எப்படிங்க கையெழுத்துப் போடுறது?” என்பார். கட்டிலில் இருப்பவர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார், படித்தவராகக்கூட இருக்கலாம். அவரிடம் கேட்டு அவர் கையெழுத்தோடு தியேட்டருக்குக் கொண்டுபோகச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. அவர் மயங்கிவிட்டாலோ, உயிர் காக்க நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆம் பிரிவும் பாதுகாப்புத் தருகின்றன. இந்த இரண்டு செய்தியும் தெரிந்த ஹவுஸ் சர்ஜன் எத்தனை பேர்?

இதற்கு நேர் எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கிறது. அறுவை சிகிச்சைக்குக் கணவனின் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் அதே அமைப்பு, பிரசவம் முடிந்த கையோடு காப்பர்-டி என்ற கருத்தடைச் சாதனத்தைப் பொருத்தும்போது யார் சம்மதத்துக்கும் காத்திருக்காமல் போய்விடுகிறது. தமிழக அரசு மருத்துவமனைகளில் சொல்லாமலே பொருத்திவிட்டார்கள் என்று பெண்கள் சொன்ன புகார்கள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. சத்தீஸ்கரில் 2014 நவம்பரில் கருத்தடை முகாமுக்குப் போன பெண்கள் பதின்மூன்று பேர் இறந்த பிறகு, 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முகாம் முறையையே கைவிடச் சொன்னது. உடம்பு பெண்ணுடையது, முடிவு ஒரு முறை குடும்பத்தினுடையது, மறு முறை அரசு இலக்கினுடையது. பிரசவ வார்டில் பயிற்சி பெறும் மருத்துவர் ஒரே இரவில் இந்த இரண்டையும் பார்த்துவிட முடியும்.

புற்றுநோய் விஷயத்தில் குடும்பம் கேட்பது வேறு: “அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாரு.” இதில் உள்ள பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரிப் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் தனக்கு என்ன வந்திருக்கிறது என்று தெரியும். தெரிந்ததை அவரும் குடும்பமும் தெரியாததுபோல் நடிக்க, நிலம் யாருக்கு, கடன் எவ்வளவு, பேத்தி கல்யாணத்தை முன்னால் வைக்கலாமா என்பதெல்லாம் பேசப்படாமலே போய்விடும்.

மருத்துவர்கள் பக்கத்து நியாயம் பயம். 2024 நவம்பரில் சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், நோயாளி ஒருவரின் மகன் புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். பட்டப்பகலில், பணியிடத்தில். அதற்குப் பிறகு எந்த ஹவுஸ் சர்ஜனிடம் போய், உறவினரை விட்டுவிட்டு நோயாளியிடம் பேசு என்று சொல்வது? நோயாளி இறந்தால் கேள்வி கேட்கப்போவது உயிரோடு இருக்கும் உறவினர்தான் என்பது வார்டு கணக்கு. கணக்கு சரி, முடிவு தவறு. எழுதி வாங்கிய காகிதம் கத்தியைத் தடுக்காது, கவனக்குறைவு வழக்கையும் தடுக்காது. ‘மருத்துவமனை பொறுப்பல்ல’ என்ற வரி நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்குக் கேடயமாகாது. கோபம் பெரும்பாலும் முளைக்கும் இடம், தங்களிடம் எதுவும் சொல்லவில்லை என்ற எண்ணம். சொல்வதற்குப் பதிலாகக் கையெழுத்து வாங்கினால் அந்த எண்ணம் கூடத்தான் செய்யும்.

நோயாளியைக் கேட்க மறப்பது வார்டில் மட்டுமல்ல, உறுதிமொழிகளிலும் உண்டு. 2022-இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் ஹிப்போகிரட்டீஸ் உறுதிமொழிக்குப் பதிலாகச் சரகர் உறுதிமொழி வாசிக்கப்பட்டபோது மாநிலமே கொதித்தது. டீன் மாற்றப்பட்டார், சில நாளில் திரும்பினார். சமஸ்கிருதமா, கிரேக்கமா என்று நாம் சண்டையிட்ட நேரத்தில், பெண் நோயாளிக்குக் கணவன் அல்லது நெருங்கிய உறவினர் முன்னிலையில் சிகிச்சை அளிப்பது பற்றிச் சரகர் உறுதிமொழியில் இருந்த வரியை அதிகம் பேர் பேசவில்லை. நாம் காப்பாற்ற நினைத்த ஹிப்போகிரட்டீஸின் பழைய உறுதிமொழியிலும் நோயாளியைக் கேட்டுச் செய்வேன் என்ற சொல் கிடையாது. நோயாளியின் தன்னுரிமையை மதிப்பேன் என்ற வரி, அதன் நவீன வடிவமான ஜெனிவா பிரகடனத்துக்குள் வந்ததே 2017-இல்தான்.

என் முடிவு இது. குடும்பத்தை வார்டிலிருந்து விரட்ட வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும். முதல் கேள்வி கட்டிலில் இருப்பவருக்கு: “உங்க உடம்பப் பத்தி உங்ககிட்ட சொல்லட்டுமா, வேற யார்கிட்டயாவது சொல்லணுமா?” “எனக்கு ஒண்ணும் வேணாம் சார், என் பையன்கிட்ட சொல்லுங்க” என்று அவர் சொன்னால் அதுவும் அவர் எடுத்த முடிவுதான், மதிக்க வேண்டியதுதான். ஆனால் கேட்காமலே மகனிடம் போவது வேறு. இரண்டாவது, கத்தி பிடிப்பவரே விளக்கட்டும். ஹவுஸ் சர்ஜன் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், பிறகு அவர் விளக்க சீனியர் பார்க்கட்டும். ஊசி போடவும் தையல் போடவும் அப்படித்தானே பழக்குகிறார்கள்?

மூன்றாவது, பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊருக்கே உரியது. வலி எடுத்த பிறகு சம்மதம் கேட்பது காலம் கடந்த செயல். கிராம சுகாதாரச் செவிலியர் எட்டாம் மாதப் பரிசோதனையிலேயே, சிசேரியன் தேவைப்பட்டால் எப்படி, காப்பர்-டி வேண்டுமா, நீ பேச முடியாத நிலையில் யார் பேச வேண்டும் என்று கேட்டு எழுதிவைத்துவிடலாம். கணவன் திருப்பூரிலிருந்து ஊருக்கு வந்திருக்கும் நாளாகப் பார்த்துக்கூட கேட்கலாம். அப்படி எழுதி வைத்த பெண் சேலத்தில் தானே கையெழுத்திட்டு தியேட்டருக்குள் போன பிறகு, விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கும் கணவன் “என்னைக் கேக்காம எப்படி?” என்று சத்தம் போடத்தான் செய்வார். அப்போது ஹவுஸ் சர்ஜனைத் தனியாக விட்டுவிடாமல், பக்கத்தில் வந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் யூனிட் சீஃப்.