வயலினும் வாவிக்கரையும்: வி. லட்சுமிநாராயணனின் ஆசிரியப் பணி பற்றி ஒரு நோக்கு

வயலின் வித்துவான் வி. லட்சுமிநாராயணன் (1911–1990) இன்று பெரும்பாலும் மூன்று புகழ்பெற்ற மைந்தரின் தந்தை என்றே அறியப்படுகிறார். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என்போரின் சாதனைகள் குடும்ப மரபின் விளைவாகவும் பிறவி மேதைமையின் வெளிப்பாடாகவும் விளக்கப்படுகின்றன. அவர் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராக உழைத்தார் என்ற உண்மை இவ்விளக்கத்தில் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது. அவ்வுழைப்பின் பயன் எங்குச் சென்றது, ஏன் சென்றது என்பதே இங்கு நாம் எழுப்பும் வினா.

முதலில் கருவியை நோக்குவோம். ஐரோப்பிய வயலின் பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு ஆகியோர் வழியாகக் கருநாடக இசையுள் புகுந்தது. நம்மவர் அதைத் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பகுதியை வலது பாதத்தில் ஊன்றி, தந்திகளைச் சட்சம், பஞ்சமமாகச் சுருதி சேர்த்து வாசித்தனர். இதனால் இடக்கை கருவியைத் தாங்கும் வேலையினின்றும் விடுபட்டுக் கமகங்களுக்கு உரியதாயிற்று. அந்நியக் கருவி ஒன்று உள்ளூர்த் தேவைக்கேற்ப முற்றாக மாற்றியமைக்கப்பட்டமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. எனினும் கச்சேரி மேடையில் அதற்குக் கிடைத்த இடம் பக்கவாத்தியத்துக்குரியதே. பாடகர் முன்செல்ல, வயலின் நிழல்போலப் பின்தொடர்ந்தது. இவ்வரிசைமுறையை மீறி, வயலின் தனித்து ஒலிக்கவேண்டும் என்பதே லட்சுமிநாராயணனின் இலட்சியமாக இருந்தது. இதை வெறும் தனிமனித ஆசையாகக் கொள்ளலாகாது. மேடையின் வேலைப்பிரிவினை பற்றிய ஒரு விமர்சனமாகவும் அதைக் கொள்ளல் வேண்டும்.

அவர் பணியாற்றிய யாழ்ப்பாணச் சூழலும் மனங்கொள்ளத்தக்கது. கோயிலையும் நிலவுடைமையாளரையும் சார்ந்திருந்த இசை, கல்விகற்ற மத்தியதர வர்க்கத்தின் பண்பாட்டு அடையாளமாக மாறிக்கொண்டிருந்த காலம் அது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் இம்மாற்றத்தின் விளைவே. ஆசிரியரை இந்தியாவிலிருந்து வருவித்த இவ்வர்க்கம், அவரது வித்தை இம்மண்ணில் வேரூன்றுவதற்கான உறுதியான பொது நிறுவனத்தை அன்று அமைத்திருக்கவில்லை. எனவே அவரது பயிற்சியின் ஆழமான பகுதி வீட்டினுள்ளேயே நிகழ்ந்தது. வீணையும் வாய்ப்பாட்டும் கற்றிருந்த அவர் மனைவி சீதாலட்சுமியின் உழைப்பும் அதில் அடங்கும். பிற்கால மரபுப் பெருமைகளில் தந்தையின் பெயர் நிலைத்த அளவுக்குத் தாயின் பெயர் நிலைக்கவில்லை.

1958 மே மாத இறுதியில் பொலனறுவையில் புகையிரதப் பயணிகள் தாக்கப்பட்டமையும், புகையிரதம் ஒன்று ஏறாவூரில் தடம்புரளச் செய்யப்பட்டமையும் நாம் அறிந்தவை. அவ்வினவன்செயல்களின் சூழலில் லட்சுமிநாராயணன் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. வித்தை குடும்பத்துள் இருந்தமையால் குடும்பத்தோடு அதுவும் கப்பலேறிற்று. மருத்துவம் பயின்ற சுப்பிரமணியம் தனிவயலினை உலக மேடைகளுக்குக் கொண்டுசென்றார். சங்கர் 1970களில் ‘சக்தி’ குழுவில் வாசித்தார். வைத்தியநாதன், தொழிலாளர் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட ‘ஏழாவது மனிதன்’ (1982) திரைப்படத்தில் பாரதி பாடல்களுக்கு இசையமைத்தார். இச்சாதனைகளைக் குறைத்து மதிப்பிடுதல் நம் நோக்கமன்று. வர்க்க ஆய்வு ஒன்றே ஒரு வில்வீச்சின் அழகை விளக்கிவிடும் என்றும் நாம் கருதவில்லை. ஆயின் அவ்வழகு யாருக்குக் கிட்டுகிறது என்பதை விளக்க அவ்வாய்வு இன்றியமையாதது.

யாழ்ப்பாணத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி 1960இல், அக்குடும்பம் சென்றபின்னரே, தோன்றியது. கிழக்கில் கல்லடியில் விபுலாநந்த இசை நடனக் கல்லூரி 1982இல் தோன்றி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. வாவிக்கரையில் வாழும் ஏழைக் குடியானவரின், மீனவரின் பிள்ளையும் வயலின் ஏந்துவதற்கு இது வழிசெய்யக்கூடியது. ஆனால் சான்றிதழ் வழங்குவதோடு அதன் கடமை தீர்ந்துவிடாது. ‘யாழ் நூல்’ (1947) கண்ட விபுலாநந்த அடிகள் பண்டை இசையைத் தேடியபோதே, இவ்வாவியின் நீரர மகளிர் இசைக்கும் செவிகொடுத்தார். இதே கரையில் வட்டக்களரியில் மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, அண்ணாவிமார் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் கூத்துப் பழக்கிவந்துள்ளனர். அவ்வித்தை ஒரு வீட்டின் உடைமையன்று. ஆகவேதான் இடப்பெயர்வுகளையும் போரையும் தாண்டி அது நிலைத்துள்ளது. சாதிப் பிரிவுகள் அதனுள்ளும் இருந்தன என்பது மெய்யே. எனினும் கற்பித்தலை ஊரின் பொதுக்கடனாகக் கொண்ட அதன் முறை, வயலின் வகுப்பறைக்கும் பாடமாக வேண்டும்.

லட்சுமிநாராயணன் ஆற்றல்மிக்க ஆசிரியர். அவரிடம் குறையில்லை. அவரை வரவழைத்த சமூகமே அவரது வித்தையைப் பொதுவுடைமையாக்கத் தவறியது. அத்தவறு வாவிக்கரையில் மீண்டும் நிகழாதிருப்பதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மெய்யான நினைவஞ்சலியாகும்.