மதிலின் உராய்வு: கூலோமின் கட்டுரையும் பிற்காலக் கணக்கும்

மண்ணைத் தாங்கிநிற்கும் மதிலின் முதுகில் அம்மண் உராய்கின்றது என்னும் உண்மையைக் கணிதத்துள் கொணர்ந்தோருள் தலையாயவர் பிரெஞ்சு இராணுவப் பொறியியலாளராகிய கூலோம். மார்த்தினீக் தீவிலே கோட்டை கட்டும் பணியில் ஏறக்குறைய எட்டாண்டுகள் உழைத்து மீண்ட அவர், 1773 இல் பாரிசு விஞ்ஞானக் கழகத்தின்முன் படித்த கட்டுரை 1776 இல் அச்சேறியது. மதிலின் பின்னுள்ள மண் ஆப்பு வடிவில் வழுக்கும் எனக் கொண்டு, எந்த ஆப்பு மதிலை மிகுதியாகத் தள்ளும் எனத் தேடிக் காண்பதே அவர் முறை. மண்ணுள் எழும் உராய்வோடு மதிலில் எழும் உராய்வையும் அவர் கருதினார். 1857 இல் றாங்கின் வகுத்த கொள்கை இதனினும் எளியது. ஆயின் மட்டமான நிலத்துக்கு அதனைப் பயன்படுத்துவோர் மதிலை முற்றும் வழுவழுப்பானதாகக் கொள்ள நேர்கின்றது.

மதிலின் உராய்வைச் சேர்ப்பதால் விளைவதென்ன? மணலின் உராய்வுக்கோணம் 30 பாகை எனவும், மதிலின் முதுகு நிலைக்குத்தானது எனவும் கொள்க. மதிலின் உராய்வை விட்டால் மண் தள்ளும் அமுக்கத்தின் குணகம் 0.33, அவ்வுராய்வுக்கோணத்தை 20 பாகை எனக் கொண்டால் 0.30. இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. மதில் மண்ணை நோக்கித் தள்ளப்படும்போதோ கதை வேறு. மண் காட்டும் எதிர்ப்பின் குணகம் 3 இலிருந்து 6.1 ஆக உயர்கின்றது. மதிலின் கோணமும் 30 பாகையானால் 10.1 ஆகின்றது. வளைந்த வழுக்குதளத்தைக் கொண்டு காக்கோவும் கெரிசெலும் 1948 இல் வெளியிட்ட அட்டவணையிலோ இது 6.5 அளவினதே. நங்கூரச் சுவரொன்றை 10.1 ஐ நம்பிக் கட்டுபவர், மண்ணிடம் இல்லாத வலிமையைக் கடன் கேட்பவராவார். இதற்குக் கூலோமைக் குறைகூறுதல் முறையன்று. வளைந்த தளங்களையும் அவர் அக்கட்டுரையிலே கருதியுள்ளார். தட்டையான தளத்தின் எளிமையே பின்வந்தோரைக் கவர்ந்தது.

இதனினும் ஆழமான குறையொன்று உண்டு. மதிலின் உராய்வுக்கோணம் மண்ணின் கோணத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொறியியலாளர் பலர் கையாளும் விதி. கைக்கணக்குக்கு அது உதவும். இயற்கை அதற்குக் கட்டுப்பட்டதன்று. எஃகு, மரம், கொங்கிறீற்று ஆகியவற்றோடு பல்வகை மண்ணை உராயச் செய்து பொட்யோண்டி 1961 இல் வெளியிட்ட பரிசோதனைகள், அப்பங்கு மண்ணின் வகை, ஈரம், மேற்பரப்பின் கரடு ஆகியவற்றோடு மாறுவதைக் காட்டின. உவெசுகியும் கிஷிதாவும் 1986 இல் இன்னும் ஒருபடி சென்றனர். எஃகின் கரட்டை மணற்பருமனோடு ஒப்பிட்டே அளத்தல் வேண்டும் என்பது அவர்தம் முடிபு. ஒரே தகடு நுண்மணலுக்குக் கரடாகவும் பருமணலுக்கு வழுவழுப்பாகவும் இருத்தல் கூடும். கரடு ஓரெல்லையைக் கடந்தபின் வழுக்கல் எஃகின்மீது நிகழாது மணலினுள்ளேயே நிகழும். ஆகவே உராய்வுக்கோணம் மதிலுக்கு உரியதுமன்று, மண்ணுக்கு உரியதுமன்று. இரண்டும் கூடுமிடத்துப் பிறப்பது.

அஃது அசைவின்றிப் பிறப்பதுமன்று. செறிந்த மணலைத் தாங்கும் மதில் தன் உயரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்களவு விலகினாலே தள்ளும் அமுக்கம் தன் இறுதி நிலையை அடைந்துவிடும். எதிர்ப்பு முழுமையும் எழுவதற்கோ பன்மடங்கு அசைவு வேண்டும். கூலோமின் ஆப்பு இறுதிக் கணத்தை மட்டுமே காட்டும். அதற்கு முன் நிகழ்வதைக் காட்டக் கணினிக் காலத்து மூலக முறை முயன்றது. பாறை வெடிப்புகளுக்கென குட்மன், டெயிலர், பிரெக்கே ஆகியோர் 1968 இல் வகுத்த தடிப்பற்ற மூலகத்தைக் கிளவ், டங்கன் இருவரும் 1971 இல் தாங்குசுவருக்குப் பயன்படுத்தி, உராய்வு அசைவோடு படிப்படியாக வளர்வதைக் கணித்தனர். இது மெய்யான முன்னேற்றம். எனினும் மதிலும் மண்ணும் ஒன்றையொன்று ஊடுருவாதிருக்க, செங்குத்துத் திசை விறைப்புக்கு அளந்தறியாத பேரெண் ஒன்றைக் கொடுத்துவிடுதல் அங்கு வழக்கமாயிற்று. கரடான எஃகுக் குற்றியருகே செறிந்த மணல் உராயும்போது மணிகள் ஒன்றன்மீதொன்று ஏறி விரிய முனைகின்றன. சூழ்ந்த மண் அவ்விரிவைத் தடுப்பதால் குற்றியை நெருக்கும் தகைப்பு பெருகுகின்றது. குற்றி தாங்கும் சுமையில் இதற்குப் பெரும் பங்குண்டு. விரிவுக்கு இடமளிக்காத மூலகத்தில், உராய்வுக்கோணம் எத்துணைத் திருத்தமாக அளக்கப்பட்டிருப்பினும், இப்பெருக்கம் தோன்றுவதில்லை.