ஷாக் அப்சர்வர்

சேலத்துப் பட்டறைகளில் 'ஷாக் அப்சார்பர்' என்று முழுசாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சாக்கப்சர், ஷாக்கு, கொஞ்சம் நிதானமாகப் பேசும் மேஸ்திரி என்றால் ஷாக் அப்சர்வர். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது அந்தப் பெயர்தான் சரி என்று படுகிறது. அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அதன் வேலையே இல்லை. அது ஸ்பிரிங்கின் வேலை. சாலை கொடுக்கும் குத்தை ஸ்பிரிங் வாங்கி வைத்துக்கொண்டு, உடனே வட்டியோடு திருப்பிக் கொடுக்கப் பார்க்கும். அப்படித் திருப்பும்போது வண்டி ஊஞ்சலாகிவிடாமல், அந்த ஆட்டத்தை எண்ணெய்க்குள் இழுத்துச் சூடாக்கிக் கரைப்பதுதான் இந்தக் குழாயின் பாடு. தேர்தலுக்கு வரும் அப்சர்வர் மாதிரி. அவர் வந்திருப்பதே தெரியவில்லை என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

இந்தப் பாடத்தை நான் படித்தது பாலாற்றில். வேலூர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இது வேறு பாலாறு. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடத்தில், காவிரியோடு வந்து சேரும் காட்டாறு. பழைய மைசூர் மாவட்டம். 1997இல் சாமராஜநகரைத் தனி மாவட்டமாகப் பிரித்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. பெயரைச் சொன்னால் எங்கள் வயதுக்காரர்களுக்கு 1993 ஏப்ரல் 9ஆம் தேதிக் கண்ணிவெடிதான் முதலில் நினைவுக்கு வரும். இன்றைக்கு அதே சாலையில் வேன் வேனாகப் பக்தர்கள் போகிறார்கள். பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மலை ஏறத் தொடங்கும். கொண்டை ஊசி வளைவுகள், ஓரத்தில் குரங்குகள், எதிரே திடீரென்று முழுச் சாலையையும் அடைத்துக்கொண்டு திரும்பும் பஸ். யானை நடமாட்டம் உள்ள காடு. வேகம் காட்டுகிற இடம் இல்லை. ஆனால் ஒரு காரின் ஷாக் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அங்கே நாற்பது கிலோமீட்டர் வேகமே தாராளம்.

நண்பர் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். ஐம்பது வயதில் ஆசை வந்து, இரண்டு இருக்கை மட்டும் உள்ள ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். கம்பெனி போட்ட ஷாக்குகளில் எண்ணெய் கசிந்திருந்தது. மாற்றியாக வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று உயரத்தை ஏற்றி இறக்கும் காயில்ஓவர் செட் ஒன்றைத் தருவித்தார். எந்த நாட்டுச் சரக்கு, எந்தக் கடை என்பதெல்லாம் வேண்டாம். பளபளவென்று ஊதா நிறம், தலையில் திருகினால் முப்பத்திரண்டு 'கிளிக்'. வண்டியை இரண்டு விரற்கடை இறக்கி, கிளிக்கை நடுவில் வைத்து, என்னையும் கார்ப் பட்டறை மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு பாலாறு கிளம்பினார். இரண்டு இருக்கைதானே; அதனால் மேஸ்திரி பின்னால் தன் பழைய ஜிப்சியில் வந்தார்.

ஏறும்போதே தெரிந்துவிட்டது. வளைவுகளுக்கு முன்னால், பஸ்கள் வருஷக்கணக்காக பிரேக் அடித்து அடித்துத் தார் அலை அலையாகத் திரண்டிருக்கும். அதன்மேல் வண்டி தத்தியது. ஸ்டியரிங் திரும்பிக்கொண்டிருக்கும்போதே முன்சக்கரம் நொடிக்கு நொடி தரையை விட்டு விட்டுப் பிடித்தது. வால் பக்கம் ஒரு முழம் வெளியே நழுவினது போல இருந்தது. நண்பர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "பாத்தீங்களா, ரேஸ் கார் மாதிரியே இருக்குது!"

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள். முதுகெலும்பில் உதைத்தால் அது ஸ்போர்ட்ஸ் என்று நம்பிவிடுகிறார்கள். காரின் உடம்பு ஆடும் கதி வேறு, சக்கரம் ஆடும் கதி வேறு. சாதாரணக் காரின் உடம்பு நொடிக்கு ஒன்று, ஒன்றரை முறை மேலும் கீழும் ஆடும். ஏறக்குறைய நாம் நடக்கும் தாளம். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இரண்டு வரை போகலாம். அச்சும் சக்கரமும் நொடிக்குப் பத்து, பதினைந்து முறை அதிரும். நல்ல ஷாக் இந்த இரண்டோடும் இரண்டு விதமாகப் பேச வேண்டும். வளைவில் வண்டி சாயும்போது உள்ளே பிஸ்டன் நிதானமாக நகரும். அப்போது இறுக்கிப் பிடிக்க வேண்டும். பள்ளத்தில் சக்கரம் விழும்போது பிஸ்டன் பறக்கும். அப்போது விட்டுக்கொடுக்க வேண்டும். நண்பரின் ஊதாக் குழாய்க்கு ஒரே பேச்சுதான் தெரியும். எல்லாவற்றுக்கும் 'முடியாது'. கிளிக்கைத் திருகினால் அதையே கொஞ்சம் சத்தமாகவோ மெதுவாகவோ சொல்லும்.

இறங்கி வந்து பாலாற்றில் மீன் பொரிக்கும் கடையோரம் நிறுத்தினோம். மேஸ்திரி ஒரு காலத்தில் கோயம்புத்தூர் ராலி வண்டிகளுக்கு சர்வீஸ் பார்த்தவர். கிளம்பும் முன்பே நண்பருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தார். பின்பக்க ஷாக்கின் தூசி உறையைத் தூக்கி, பளபளக்கும் தண்டில் மெல்லிய கேபிள் டை ஒன்றைச் சுற்றி, இறுக்கமாகவும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல் குழாயின் வாயருகே விட்டிருந்தார். தண்டு உள்ளே போகும்போது குழாய் அந்த டையை மேலே தள்ளும். தண்டு திரும்பி வரும்போது டை அங்கேயே நின்றுவிடும். எவ்வளவு தூரம் அமுங்கியது என்பதற்குச் சாட்சி. மண்ணில் ஒரு கோணியை விரித்துப் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். டை உச்சியில் பம்ப் ஸ்டாப் ரப்பருக்குள் போய்ப் புதைந்திருந்தது.

"சார், இது ஷாக்குல ஓடல. ரப்பர்லதான் ஓடிருக்குது."

வண்டியைத் தாழ்த்தினால் அமுங்குவதற்கான இடம் குறையும். குறைந்த இடத்தில் அடி பெரியதாக வந்தால் ரப்பரில் முட்டும். ரப்பர் முட்டிய நொடியில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கும் இல்லை, ஷாக்கும் இல்லை. நண்பர் ரேஸ் கார் என்று நினைத்து ரசித்தது ரப்பர் முட்டும் குலுக்கலைத்தான்.

ரேஸ் டிராக்குக்கு அந்த இறுக்கம் ஒருவேளை பொருந்தும். இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ஓடும் சென்னை டிராக்கும், கரிவரதன் பெயரில் கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் உள்ள டிராக்கும் மழமழப்பானவை. அங்கே உடம்பு சாய்வதை அடக்கினால் பாதி வேலை முடிந்தது. அங்கே ஜெயித்த செட்டிங்கை அப்படியே பாலாற்றுக்குக் கொண்டு வந்தால், சபாவில் பாடியதை அதே சுருதியில் சந்தைக் கூட்டத்தில் பாடின கதை.

அடுத்த வாரம் பட்டறையில் ஒரு செத்த ஷாக்கை மேஸ்திரி பிரித்துக் காட்டினார். மோனோட்யூப் வகை, அதாவது ஒற்றைக்குழாய். கேஸை இறக்கிவிட்டுத்தான் கை வைத்தார். அதற்குள் இருபது, இருபத்தைந்து பார் அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும், தெரியாதவர் பிரித்தால் தண்டு முகத்துக்கு வரும். பிஸ்டனின் இரண்டு பக்கமும் வட்ட வட்டமாக எஃகுத் தகடுகள், ஒன்றின்மேல் ஒன்று, பெரியதிலிருந்து சிறியதாக. ஷிம் என்பார்கள். எண்ணெய் பிஸ்டனின் துளை வழியாக வந்து இந்தத் தகடுகளை வளைத்துக்கொண்டுதான் மறுபக்கம் போக முடியும். ஷாக்கின் குணம் முழுக்க அந்த வளைவில் இருக்கிறது. நண்பர் ஒரு தகட்டை எடுத்து விரலில் வைத்து லேசாக வளைத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. முப்பது வருஷமாக வெள்ளித் தகட்டோடு பழகின விரல். "இது பாயிண்ட் ஒண்ணு எம்எம்ங்களா?" என்றார். மைக்ரோமீட்டரில் வைத்தால் அதேதான். அவருக்கு மேஸ்திரி சொன்ன கணக்கு எனக்கு இன்றும் பிரமிப்பு: 0.1 மில்லிமீட்டர் தகடு இரண்டை அடுக்கினால் வளைப்பதற்கு இரண்டு மடங்கு பலம் வேண்டும். அதே மொத்தக் கனத்துக்கு 0.2 மில்லிமீட்டர் தகடு ஒன்றே ஒன்றை வைத்தால் எட்டு மடங்கு. தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப்படி ஏறுகிறது. ஆக, நல்ல ஷாக் செய்கிறவர் ஒரு நகாசு வேலைக்காரர். தலைமுடிக் கனத்தில் கூட்டிக் குறைத்து, மெதுவான அசைவுக்கு ஒரு குணம், வேகமான அசைவுக்கு வேறு குணம் என்று அடுக்குகிறார். வெளியே அடிக்கும் ஊதா பெயிண்டில் அது தெரியாது.

இந்தத் தொழிலில் பேர் எடுத்த வீடுகள் வந்த வழியும் சுவாரசியம். நெதர்லாந்தின் கோனி 1857இல் குதிரைச் சேணம் செய்யத் தொடங்கிய வீடு. ஜெர்மனியின் பில்ஸ்டீன் ஜன்னல் சாமான்கள் செய்துகொண்டிருந்தது. பிரெஞ்சுக்காரர் தெ கார்போனின் ஒற்றைக்குழாய் யோசனையை எடுத்து 1957இல் மெர்சிடஸுக்குப் போட்டுக் கொடுத்த பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்வீடனின் ஓலின்ஸ் 1976இல் மோட்டோகிராஸ் பைக்குகளில் ஆரம்பித்தது. நமக்குப் பக்கத்திலேயே ஓசூரில் கேப்ரியல் ஆலை இருக்கிறது. நம் தெருவில் ஓடும் எத்தனையோ வண்டிகளுக்குக் கால் அதுதான். ஆனால் நண்பரின் காருக்கு அங்கே அளவு கிடையாது.

பிறகு தேர்வு. நண்பர் மூன்றைக் குறித்துக்கொண்டு வந்தார். கோனி ஸ்போர்ட், மஞ்சள் நிறம். இரட்டைக் குழாய், திருகினால் ரீபவுண்டு மட்டும், அதாவது ஸ்பிரிங் விரியும்போது காட்டும் பிடி மட்டும், கூடும் குறையும். அமுங்குவதை வண்டிக்காரன் கையில் கொடுக்காமல் வைத்திருக்கிறார்களே, அந்தக் கறார் எனக்குப் பிடிக்கும். முப்பத்திரண்டு கிளிக்கை ஆளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் பாலாற்றில் பார்த்தோமே. அடுத்தது ஓலின்ஸ். பள்ளத்தில் அடிபட்ட சக்கரம் சீக்கிரம் தரைக்குத் திரும்ப, விரியும் திசையிலும் எண்ணெய்க்குத் தனி வழி விட்டிருக்கிறார்கள். அருமையான சரக்கு. ஆனால் கசிந்தால் பிரித்து, சீல் மாற்றி, கேஸ் ஏற்றிக் கொடுக்க ஆள் தேடி எங்கே போவது? நம் ஊர்த் தூசிக்கும் மழைச் சேற்றுக்கும் இந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். விலைப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாவது பில்ஸ்டீன். அதில் பி6, பி8 என்று இரண்டு. உள்ளே ஏறக்குறைய ஒரே வேலைப்பாடு. பி8 தாழ்த்திய வண்டிக்காகக் குட்டையாக்கியது. பி6 கம்பெனி உயரத்துக்கே. திருகு கிடையாது, கிளிக் கிடையாது. மேஸ்திரி விரல் வைத்தது பி6இல். கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு, உயரத்தைப் பழையபடி ஏற்றச் சொன்னார். நண்பருக்கு மனசே இல்லை. "பாக்கறதுக்கு ஒண்ணுமே செஞ்ச மாதிரி தெரியாதேங்ணா" என்றார். எனக்கு அதுவே பெரிய பாராட்டாகப் பட்டது. தவிர, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. இரண்டு மாநிலச் செக்போஸ்ட்டிலும் வயிறு தரையில் உரசும் காரை நிறுத்தி விளக்கம் சொல்வது யாருக்கு வேண்டும்.

பி6 மாட்டிக்கொண்டு தையில் மறுபடியும் போனோம். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னக் கற்களைக்கூட எண்ணிச் சொல்கிறதே என்று எனக்கு ஒரு குறை இருந்தது. உள்ளே கேஸ் அழுத்தம் அதிகம் என்பதால் ஒற்றைக்குழாயில் அந்தச் சிணுக்கம் இருக்கும். அந்த இடத்தில் கோனி இன்னும் சாது. கொளத்தூர் தாண்டி வேகம் கூடியதும் சிணுக்கம் அடங்கியது. செக்போஸ்ட் வேகத்தடையில் ஏறி இறங்கியபோது கவனித்தேன். மூக்கு ஏறியது, இறங்கியது, நின்றது. அவ்வளவுதான். இரண்டாவது தலையாட்டல் இல்லை. நல்ல கதாகாலட்சேபக்காரர் வாக்கியத்தை முடிக்கிற மாதிரி.

மலையில் அதே தார் அலை, அதே வளைவு. இந்த முறை சக்கரங்கள் காலடியில் படபடவென்று எதையோ தட்டச்சு செய்தன. மேலே நாங்கள் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். வண்டி கோடு கிழித்தது போலத் திரும்பியது. முன்னைவிடக் கொஞ்சம் சாய்ந்தது என்பது நிஜம். சாய்வது மெதுவாக, ஒரே சீராக, நாம் எதிர்பார்த்த இடத்தில் வந்து நின்றது. சாய்வே இல்லாத வண்டியைவிட எவ்வளவு சாயும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் வண்டியில்தான் கை தைரியமாக இருக்கிறது. நண்பர் வாயே திறக்கவில்லை. பாதி மலையில் பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கினார். டயர் சத்தம் கேட்க வேண்டுமாம்.

இறங்கி வந்தபோது மீன் கடையில் கூட்டம். மேஸ்திரி வழக்கம்போல் கோணியை விரித்துப் படுத்தார். நண்பர் இந்த முறை தானும் பக்கத்தில், வெள்ளை வேட்டியோடு, மண்ணில் முழங்காலிட்டுக் குனிந்தார். டை ரப்பருக்குக் கொஞ்சம் கீழே நின்றிருந்தது. சட்டைப் பையிலிருந்து பட்டறை வெர்னியரை எடுத்து, இடைவெளியில் வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"என்னங்க சொல்லுது அப்சர்வரு?" என்றேன்.

"பதினோரு மில்லி மிச்சம் வெச்சிருக்குது" என்றார், வெர்னியரை எடுக்காமலே. "இன்னொரு தரம் மேல போயிட்டு வரலாமுங்களா?"

மேஸ்திரி அதற்குள் எழுந்து இரண்டு பிளேட் மீனுக்குச் சொல்லிவிட்டிருந்தார்.